ஆறாவது கோழி

கால்நடை ஆய்வாளர்களாகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

கோழிக்கூடு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சியில் வண்ணப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். வலையின் கண் எத்தனை அளவு, கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சந்தேகம் வந்தால் அறந்தாங்கிக்கு மேற்கே செல்வராணி என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் கேளுங்கள். என்னைவிடத் தெளிவாகச் சொல்வாள். நான் சொல்ல வந்தது, வாயைத் திறக்க வேண்டிய ஒரு காலையில் நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்ற கதை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டுப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ என்னைக் கேலி செய்வார்களே தவிர வெளியில் சொல்ல மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவள். அதுதான் கேவலம்.

செல்வராணிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கணவன் சவுதியில் டிரைவர். திட்டத்தில் நாங்கள் கொடுத்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பலர் ஒரே மாதத்தில் காக்கைக்கும் பருந்துக்கும் கொடுத்துவிட்டுக் கையை விரித்தபோது, இவள் மட்டும் தாய்க்கோழியோடு சேர்த்துவிட்டு, வளர்த்து, இருபது உருப்படி ஆக்கியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம், அதைத் தாண்டிக் கண்மாய்க்கரை, அதற்கும் அப்பால் தைலமரக்காடு. காட்டிலிருந்து நரி வந்து அவ்வப்போது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். அவள் கவலைப்பட்டாள். நான்தான் வலைக்கூடு போடச் சொன்னேன்.

கூடு கட்டும் நாளில் நானே போய் நின்றேன். கட்டியவர் அவள் கணவனுக்குப் பெரியப்பா, முத்தையா. இவள் பெரிய மாமா என்று கூப்பிடுவாள். வலையைக் கம்பத்தில் கட்டி முடித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "அடியில சுத்தி பலகைக்கல்லு பதிச்சிரவா மேடம்? கல்லு கெடக்கு."

எனக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. "எதுக்குங்க? அதான் வலை இருக்கே. நரி வந்து வலையவா கடிக்கப் போகுது?" என்றேன்.

மேடம் சொன்னால் சரி என்று அவர் வலையின் விளிம்பை முளையடித்துத் தரையோடு நிறுத்திவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் செல்வராணி எனக்கு மசியவில்லை. அவளிடம் ஒரு கருஞ்சேவல் இருந்தது. கணவன் விமானம் ஏறிய வாரத்தில், அவன் கை கால் சுகத்தோடு திரும்பி வர வேண்டும் என்று கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவல். அது பகலில் ஊரெல்லாம் மேயும், பொழுது சாய்ந்தால் புளியமரத்தில் ஏறிக்கொள்ளும். அதையும் கூட்டில் அடை என்றேன்.

"சாமிக்கு விட்டத அடைக்கக் கூடாது மேடம்."

"நரிக்கு அது தெரியுமா செல்வராணி?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கருப்பருக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு வலையின் கதவைச் சாத்தினாள்.

அறுவடை முடிந்து தை மாதம். பங்குனியில் கணவன் வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விடிந்தும் விடியாமல் என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. வலைக்கூட்டுக்குள் கோழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. வெளுக்கும் நேரத்தில் மரத்து மேலிருந்து கருஞ்சேவல் போட்ட கூச்சலில்தான் செல்வராணி எழுந்து ஓடியிருக்கிறாள். ஓடாமல் இருந்திருந்தால் மொத்தக் கூடும் போயிருக்கும். அவள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த மருந்தகத்தில் உதவியாளராக ஓர் அண்ணன் இருந்தார். அவர் சொல்வார்: "செத்த கோழிய மொதல்ல பாருங்க, அப்பறம் ஆளப் பாருங்க. ஆளப் பாத்துட்டீங்கன்னா கோழி கண்ணுக்குத் தெரியாது." நரி என்றால் கவ்விக்கொண்டு போய்விடும், இறகுதான் மிஞ்சும். மரநாய் தலையைத் தின்னும். கீரி கழுத்தில் கடித்து ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும், அடைபட்ட இடமென்றால் வெறி பிடித்த மாதிரி. இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது. இன்றும் அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அன்று நான் கோழியைத்தான் முதலில் பார்த்தேன். ஆறும் முழுசாகக் கிடந்தன, கழுத்தில் மட்டும் கடி. கூட்டின் மூலையில் வலையின் அடியில் மண் பறிக்கப்பட்டு ஒரு துளை. என் முஷ்டி நுழையும், அவ்வளவுதான். அதில் எந்த நரியும் நுழையாது. கீரி நுழையும். முத்தையா கேட்ட கல்லைப் பதித்திருந்தால் கீரியும் நுழைந்திருக்காது.

எல்லாம் எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அதன் பிறகுதான் ஆட்களைப் பார்த்தேன்.

"நரி வேலதான் மேடம்" என்றார் முத்தையா. "போன வாரம்கூட கம்மாக்கரையில பாத்தேன்."

சுற்றி நின்றவர்களும் நரி, நரி என்றார்கள். நான் துளையை மறைத்தாற்போல் நின்றுகொண்டிருந்தேன். வேண்டுமென்று போய் நிற்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

முத்தையா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வயலுக்கு வாங்குன மருந்து மிச்சம் கெடக்கு மேடம். இந்தக் கோழியிலயே வச்சுக் காட்டோரமாப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்பதற்கு எனக்குக் காரணங்கள் வரிசையில் நின்றன. நரியைக் கொல்வது சட்டப்படி குற்றம். அந்தக் கரையில் மயில் மேய்கிறது. நாய் திரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடித்தது நரியே இல்லை. ஆனால் இதில் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்தத் துளைக்கு வந்து நிற்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"முகாமுக்கு நேரமாச்சுங்க. வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பக்கத்து ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம். ஊசி போட்டுக்கொண்டே இருந்தேன், கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். அந்த மனிதர் ஒருவேளை வைக்க மாட்டார், சும்மா கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து மணி வாக்கில் செல்வராணி போன் செய்தாள்.

"மேடம், பெரிய மாமா வந்து கைய மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவுனாக. என்னன்னு கேட்டேன். செத்த கோழி ஆறுலயும் மருந்து வச்சுக் காட்டோரம் போட்டுட்டு வந்துட்டாகளாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்க சாமி சேவலக் காணோம் மேடம். காலையிலருந்து காணோம். அது எங்கிட்டு வேணாலும் மேயும். எதையும் கொத்தும்."

நேர்ந்துவிட்ட சேவல் நேர்த்திக்கு முன்னால் செத்தால் அவள் மனது என்னவெல்லாம் நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் அவள் கணவன் விமானம் ஏற வேண்டும். வரிசையில் நாற்பது ஆடாவது நின்றிருக்கும். ஐஸ் பெட்டியை மூடி, மிச்சத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றேன். முகாமுக்கு வந்தவர்கள் என்னைத் திட்டியது வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பாதி முகாமை விட்டுவிட்டுப் போனது என் சர்வீஸில் அந்த ஒரு முறைதான். அது சரியா தப்பா என்று மேலதிகாரி பிறகு கேட்டார். சரிதான் என்றேன்.

முத்தையாவையும் செல்வராணியையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் ஏறினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. போட்ட இடத்தை எல்லாம் மளமளவென்று காட்டினார். தழையை விலக்கி, பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதைப் போட்ட புதரடியில் நான்கைந்து இறகுகள்தான் கிடந்தன.

செல்வராணி இறகைக் குனிந்து பார்த்தாள். கருப்பு இல்லை. அப்போதுதான் கரைக்கு அந்தப் பக்கத்து வயலில் இருந்து யாரோ கத்தினார்கள்.

அறுத்த வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார் ஒரு கீதாரி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருடா வருடம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே வருபவர். அவருடைய நாய், செவலை என்று பெயர், வயலில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை தள்ளியது. கால்கள் இழுத்துக்கொண்டன. கீதாரி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு செம்பில் எதையோ கரைத்து அதன் வாயில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க!" என்று ஓடினேன். இழுப்பில் இருக்கும்போது ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

"என்னத்தம்மா தின்னுச்சு? ஏழு வருசமா எங்கூட நடக்குற புள்ளம்மா இது. இதுக்கு மேல எனக்குக் காவலுக்கு யாரு இருக்கா?"

நான் எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கிளம்பத் தயார். ஆனால் கேட்டார்: "என்ன மருந்து சாப்பிட்டுச்சு? பேர் தெரியணும். வயல் மருந்து ஒவ்வொண்ணுக்கும் மாத்து மருந்து வேற வேற. எதை எடுத்துட்டு வர்றதுன்னு தெரியாம வந்து என்ன செய்ய?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோருக்கும் கேட்டது. நான் முத்தையாவைப் பார்த்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கீதாரி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், கையில் தொரட்டியோடு. அதற்குள் வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள். "நாந்தான் வச்சேன்" என்று அந்த இடத்தில் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதமாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அப்படித்தான் நானும் நின்றேன்.

நாயின் வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் போனைக் கையில் பிடித்தபடி சத்தமாகச் சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கோழியக் கடிச்சது நரி இல்ல, கீரி. கூட்டுல அது நுழையிற மாதிரி ஓட்டை விட்டது நான். இவரு கல்லு வைக்கவான்னு கேட்டாரு, நான்தான் வேணாம்னேன். காலையில ஓட்டையப் பாத்தேன், நரி இல்லன்னு தெரிஞ்சுச்சு. என் தப்பு வெளிய வந்துருமோன்னு வாய மூடிக்கிட்டுப் போனேன். மருந்து வைக்கவான்னு என்னையக் கேட்டுத்தான் வச்சாரு. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க. ஐயா, மருந்து என்னன்னு மட்டும் சொல்லுங்க."

முத்தையா தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபதைத் தாண்டிய மனிதர், வரப்பில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மருந்துப் பாக்கெட்டோடு திரும்பி வந்து, இரைக்க இரைக்க, எழுத்துக் கூட்டி அதன் பெயரைப் போனில் அவரே வாசித்தார்.

டாக்டர் அரை மணி நேரத்தில் வந்தார். என்ன ஊசி, எத்தனை முறை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு மணி வாக்கில் இழுப்பு நின்றது. பொழுது இறங்கும் நேரத்தில் செவலை தலையைத் தூக்கிக் கீதாரியின் கையை நக்கியது. அவர் அழுதார். நானும் அழுதேன். டாக்டர் தன் பெட்டியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீதாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பெரிய மனது காட்டிவிடவில்லை. "செத்துப்போயிருந்தா ஒங்கள சும்மா விட்டுருக்க மாட்டேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொல்லலைன்னா செத்துத்தான் போயிருக்கும்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். இரண்டுமே நியாயம்.

திரும்பும்போது செல்வராணி புளியமரத்தடியில் சட்டென்று நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். உச்சாணிக் கிளையில், இலை மறைவில், கருஞ்சேவல் உட்கார்ந்திருந்தது. விடியலில் கீரியைக் கண்டு கத்திவிட்டு மேலே ஏறியது, பயத்தில் பகல் முழுக்க இறங்கவே இல்லை. நாங்கள் ஊர் முழுக்கத் தேட, அது எங்கள் தலைக்கு மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. செல்வராணி சொளகில் அரிசியை எடுத்துவந்து தட்டினாள். கிளை கிளையாக இறங்கி வந்தது. அவள் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "கருப்பருக்குத் தெரியும்னு நான் சொன்னேன்ல அக்கா" என்றாள். அன்று வரை நான் அவளுக்கு மேடம்தான். அந்தச் சேவலை அடைக்கச் சொன்னவள் நான் என்பதையும், அது கூட்டுக்குள் இருந்திருந்தால் கழுத்தில் முதல் கடி அதற்குத்தான் விழுந்திருக்கும் என்பதையும் அவள் சொல்லிக்காட்டவில்லை.

ஐந்து கோழிகளையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். முத்தையா எனக்குக் கையலம்பத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேன் மேடம்."

தம்பிகளே, தங்கைகளே, இதைவிடப் பெரிய மெமோ எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நாம் சொல்வதை ஜனங்கள் கேட்பதில்லை என்று நாம் புலம்புகிறோம். அவர்கள் நம் முகத்தைக்கூடக் கேட்டு நடக்கிறார்கள். நாம் கடிகாரத்தைப் பார்த்தால், அதையும் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு உங்களிடமும் ஒருவர் வந்து மருந்து வைக்கவா என்று கேட்பார். அப்போது உங்கள் தப்பு எங்காவது பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தாலும், முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாளே முத்தையாவும் நானும் கூட்டைச் சுற்றிப் பலகைக்கல் பதித்தோம். அவர் சொன்ன ஆழத்தில், அவர் சொன்ன மாதிரி. அடுத்த தை மாதம் கீதாரி வந்தபோது செவலையின் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து செல்வராணியிடம் விட்டுப் போனார். கோழிகளோடு கோழியாய் வளர்ந்த அந்த நாய் இன்றைக்கும் கூட்டுப் பக்கம் கீரியையோ நரியையோ அண்ட விடுவதில்லை. நரி கண்மாய்க்கரையோடு போய்விடுகிறது. அதுவும் பிழைத்துக் கிடக்கட்டும்.

ஆனால் நான் முடிக்க நினைப்பது அதற்கு முன்னால், அந்தப் பங்குனியில் போட்ட சாப்பாட்டோடு. செல்வராணியின் கணவன் கை கால் சுகத்தோடு வந்து இறங்கினான். கருப்பருக்குப் பொங்கல் வைத்து, சேவலைக் கொடுத்து, வீட்டு வாசலில் பந்தி போட்டார்கள். கீதாரி வந்திருந்தார். செவலை அவர் காலடியில் படுத்திருந்தது. எனக்கு இலை போட்டார்கள். பரிமாறியவர் முத்தையா. குழம்புச் சட்டியோடு என் முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா மேடம்?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லிருங்க மேடம். நீங்க பேசாம இருந்தா நான் பாட்டுக்கு ஏதாச்சும் செஞ்சிருவேன்."

பந்தியே சிரித்தது. கீதாரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஊத்துங்கய்யா" என்றேன், பந்தியின் கடைசி இலை வரைக்கும் கேட்கும்படி.